சரளைப் பாதையில் முல்லை நிலம்

காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று பள்ளியில் படித்தோம், தேர்விலும் எழுதினோம். அச்சொற்றொடரில் 'சார்ந்த' என்னும் சொல்லுக்கு மதிப்பெண் வாங்கியதோடு சரி. அதன் பொருளைத் தேடிச் சென்றதில்லை. காடு எது என்பது ஓரளவு தெரியும். காட்டைச் சார்ந்த இடம் எது? முழுக்காடும் ஆகாமல், வயலும் ஆகாமல், ஆடும் மாடும் மேய்ந்து மேய்ந்தே அந்நிலையில் நிற்கும் வெளி எங்கே இருக்கிறது? நாற்பது ஆண்டுகளாகத் தலைநகரில் குடியிருக்கும் எங்களுக்கு அதைக் காணும் வாய்ப்பு, சற்றும் எதிர்பாராத வகையில், இங்கிலாந்தின் தென்பகுதியில் கிட்டியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நியூ ஃபாரஸ்ட் என்னும் தேசியப் பூங்காவின் சரளைப் பாதைகளில் இரண்டு நாள் மிதிவண்டியில் சுற்றினோம். சங்கத்து அன்பர்களுள் பலர் இலண்டன் வரை சென்று, கோபுரத்தையும் அரண்மனையையும் கண்டு மீள்பவர்கள். அவர்கள் பொருட்டு இதனைச் சற்று விரித்து எழுதுகிறோம்.

நாங்கள் என்பது பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும். மகள் குடும்பம் சவுத்தாம்ப்டன் நகரில் வாழ்கிறது. பதினாறு வயதுப் பேரன் மிதிவண்டிப் பித்தன். எங்களுள் ஒருவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்கு மூச்சிரைப்பு. யாருக்கு எது என்பதை அச்சில் ஏற்ற இருவரும் உடன்படவில்லை. ஆகவே எங்களுக்கு மின்விசை துணைசெய்யும் வண்டிகள் இரண்டை வாடகைக்கு எடுத்தான் பேரன். அந்நாட்டுச் சட்டப்படி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் அந்த விசை தானே நின்றுவிட வேண்டும். நாங்கள் அந்த எல்லையை எட்டிப் பார்த்தது இறக்கங்களில் மட்டுமே.

பேரன் ஏறியது 'கிராவல் பைக்' எனப்படும் சரளை வண்டி. பந்தய வண்டியைப் போல் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி; ஆனால் டயரோ நாற்பது மில்லிமீட்டர் அகலம். அதில் காற்றை வேண்டுமென்றே குறைவாக அடைத்துக்கொள்கிறார்கள். கல்லின் மேல் ஏறும்போது டயர் நசுங்கிக் கொடுத்துக் கல்லைத் தழுவிச் செல்ல வேண்டும் என்பது கணக்கு. இறுக்கமாக அடைத்தால் கல்லுக்குக் கல் துள்ளும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துச் சரளைச் சாலைகளில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய நெடும்பந்தயம் இத்தகைய வண்டிகளுக்குப் பெரும்பெயர் தேடித் தந்தவற்றுள் ஒன்று. நம் ஊர் அஞ்சற்காரரும் பால்காரரும் ஆயுள் முழுவதும் சரளையிலும் செம்மண்ணிலுமே மிதித்தார்கள். அதற்கு ஒரு பெயர் உண்டென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெயர் வைத்த பிறகுதான் பண்டத்துக்கு விலை ஏறுகிறது. பேரனின் வண்டி விலையைக் கேட்டு நாங்கள் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை.

நியூ ஃபாரஸ்ட் என்றால் புதுக்காடு. நம் புதுக்கோட்டையும் புதுச்சேரியும் எவ்வளவு புதியனவோ அவ்வளவுதான் இதன் புதுமையும். இங்கிலாந்தை வென்ற நார்மானிய வேந்தன் வில்லியம் 1079ஆம் ஆண்டை ஒட்டி இதனைத் தன் வேட்டைக் காடாக ஒதுக்கினான். அக்காலத்தில் 'ஃபாரஸ்ட்' என்பது மரக்கூட்டத்தைக் குறித்த சொல் அன்று. வேட்டைச் சட்டம் ஆளும் நிலப்பரப்பைக் குறித்த சொல். மரமே இல்லாத வெட்டவெளியும் சட்டத்தின் கண்ணில் காடுதான். அரசனின் மானுக்குத் தடையாக உழவன் வேலி கட்டக் கூடாது. மான் வந்து பயிரை மேய்ந்தாலும் கேட்க முடியாது. வேலி கட்ட முடியாதவனுக்கு ஈடாக, அவனுடைய குதிரையும் மாடும் காட்டில் மேயலாம் என்ற உரிமை நிலைபெற்றது. கொடுமையின் நிழலில் முளைத்த அந்த உரிமை, கொடுத்த வேந்தர் குலங்கள் பல மறைந்த பின்னும் இன்றுவரை நீடிக்கிறது. வில்லியத்தின் மகன் இரண்டாம் வில்லியம் 1100ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் இதே காட்டில் வேட்டையின்போது அம்பு பாய்ந்து இறந்தான். அது தவறிய அம்பா, குறிவைத்த அம்பா என்று அந்நாட்டார் இன்னும் வழக்காடுகிறார்கள்.

தேசியப் பூங்கா என்னும் பட்டம் இதற்கு 2005ஆம் ஆண்டில்தான் வந்தது. பரப்பு 566 சதுர கிலோமீட்டர். நம் நாட்டுத் தேசியப் பூங்காக்களைப் போல மனிதரை வெளியேற்றி வேலியிட்ட இடம் அன்று. ஊர்களும் பள்ளிகளும் சந்தைகளும் உள்ளேயே இருக்கின்றன. இதனைப் படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் வருவனவெல்லாம் இதனால் விளைந்தவையே.

சவுத்தாம்ப்டனிலிருந்து புகைவண்டியில் சிறிது நேரப் பயணம். புராக்கன்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரில் இறங்கினோம். காட்டுக்குள் புகுமுன்பே எங்களைத் தடுத்து நிறுத்தியது ஒரு தெருப்பெயர்: மீரட் சாலை. தில்லிக்காரர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் உலகப் போரில் பிரான்சுக் களத்தில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு 1914இன் இறுதியில் இவ்வூர் விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றினார்கள். மீரட் படைப்பிரிவின் நினைவாகவே அத்தெருப்பெயர். இங்கே அமைந்த ஒரு மருத்துவமனையின் பெயர் லேடி ஹார்டிஞ்ச். தில்லியில் அதே அம்மையார் பெயரில் 1916இல் திறந்த மருத்துவக் கல்லூரியை நம்மில் அறியாதார் யார்?

ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் சுக்கா என்பவரின் நடுகல் இருக்கிறது. அம்மருத்துவமனையில் துப்புரவுத் தொழில் செய்தவர். 1915ஆம் ஆண்டு சனவரியில் முப்பது வயதில் இறந்தார். தீண்டத்தகாதவர் என்று தம் நாட்டாரே ஒதுக்கியமையால், அவரை எரிக்கவும் ஆளில்லை, புதைக்கவும் இடமில்லை என்ற நிலையில், இவ்வூர்ப் பங்கு மக்கள் தங்கள் மண்ணில் இடம் கொடுத்துத் தங்கள் செலவில் கல்லும் நாட்டினார்கள். அக்கல்லின் முன் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றோம். பேரன் வண்டியைச் சாய்த்துவிட்டு வந்து, "யார் தாத்தா இது?" என்று கேட்டான். சொன்னோம். "அவர் கூட வந்தவங்களே இடம் குடுக்கலையா?" என்று மறுபடியும் கேட்டான். அதற்கும் ஆம் என்றே சொல்ல வேண்டியிருந்தது.

அங்கிருந்து வடமேற்கே ரைன்ஃபீல்டு நோக்கிப் போனோம். தார்ச்சாலை முடிந்து, இளமஞ்சள் நிறச் சரளை தொடங்கும் இடத்தில் ஒரு மரக்கதவு. கதவைத் தாண்டினால் காடு. டயருக்கு அடியில் சரளை நெரியும் ஓசை அரைத்த உளுந்தைக் கல்லுரலில் வழிக்கும் ஓசையைப் போல இடைவிடாமல் உடன் வந்தது. சரளையில் வண்டி ஓட்டுவதற்கு ஒரு நுட்பம் உண்டு. மரம் ஏற்றும் பாரவண்டிகளின் சக்கரங்கள் அழுத்திய இரண்டு தடங்கள் கெட்டிப்பட்டிருக்கும். அவற்றின் நடுவிலும் ஓரத்திலும் கற்கள் தளர்ந்து கிடக்கும். தடத்திலேயே செல்ல வேண்டும். தடம் மாற வேண்டுமானால் கைப்பிடியை ஒடிக்காமல் உடலைச் சாய்த்து மெல்ல மாற வேண்டும். இறக்கத்தில் முன்சக்கரத் தடையை இறுக்கிப் பிடிப்பவன் மண்ணை முத்தமிடுவான். கண் சக்கரத்துக்கு அடியில் இராமல் இருபது அடி முன்னால் இருக்க வேண்டும். இவையெல்லாம் பேரன் கற்பித்தவை. எங்களுள் ஒருவருக்குச் சிவகங்கைச் சீமையின் செம்மண் சாலைகளில் வாடகைச் சைக்கிள் ஓட்டிய இளமைப் பழக்கம் இருந்ததால் பாடம் விரைவில் முடிந்தது.

சந்திப்புகள்தோறும் ஒரு குட்டை மரக்கம்பம். அதில் ஓர் எண். வரைபடத்திலும் அதே எண். இவ்வாறு எண்ணிட்ட பாதைகள் நூறு மைலுக்கு மேல், அதாவது சுமார் 160 கிலோமீட்டருக்கு மேல், காட்டினூடே வலைபோலச் செல்கின்றன. நடப்பவர்கள் எங்கும் நடக்கலாம். குதிரை ஏறுவோரும் பெரும்பாலும் எங்கும் செல்லலாம். மிதிவண்டிக்கு மட்டும் எண்ணிட்ட இப்பாதைகளும், பொதுச் சாலைகளும், உரிமை பெற்ற சில குதிரைத் தடங்களுமே அனுமதி. புல்லில் ஒரு தடம் எவ்வளவு அழகாகப் பிரிந்து சென்றாலும், கம்பம் இல்லையேல் நமக்குரியது அன்று.

ஏன் இப்பாதைகள் இங்கே இருக்கின்றன, அங்கே இல்லை என்ற கேள்விக்கு விடை தேடியபோதுதான் இக்காட்டின் வரலாறு எங்களுக்குப் பிடிபட்டது. கடற்படைக்குக் கப்பல் மரம் வேண்டுமென்று 1698ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காட்டின் பகுதிகளை வேலியிட்டு அடைத்து ஓக் மரம் வளர்க்க வழி செய்தது. அவ்வாறு அடைத்த பகுதிகளை அடைப்புக் காடு என்று சொல்லலாம். 1781ஆம் ஆண்டில் இக்காட்டின் தென்கோடியில் பக்ளர்ஸ் ஹார்டு என்னும் ஆற்றங்கரையில் நீரில் இறங்கியது அகமம்னான் என்னும் போர்க்கப்பல். நெல்சன் பின்னர் விரும்பித் தலைமை வகித்தது. கப்பல் இரும்புக்கு மாறிய பின் ஊசியிலை மரங்கள் வந்தன. 1920களில் வனத்துறை ஆணையம் பொறுப்பேற்றது. வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்லப் பாரவண்டிகள் வேண்டும்; பாரவண்டிக்குச் சரளைப் பாதை வேண்டும். நாங்கள் மிதித்த பாதைகள் யாருடைய உல்லாசத்துக்காகவும் போட்டவை அல்ல. அவை மரம் வெட்டப் போட்ட பாதைகள். ஆகவேதான் சரளையின் பெரும்பகுதி அடைப்புக் காடுகளுக்குள்ளேயே சுற்றுகிறது.

ரைன்ஃபீல்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நட்ட டக்ளஸ் ஃபர் மரங்களும் அமெரிக்க நாட்டுச் செம்மரங்களும் வானளாவி நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தபடி வண்டி ஓட்டக் கூடாது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறோம். பாரவண்டிகள் சீறிப் பாயும் நெடுஞ்சாலை ஒன்றைக் குறுக்கே கடந்தால் நைட்வுட் ஓக் என்னும் முதுமரம். அடிமரத்தின் சுற்றளவு ஏழு மீட்டருக்கு மேல். வயது ஐந்நூறு ஆண்டுக்குக் குறையாது என்கிறார்கள். தலைக்கு மேல் உயரத்தில் கிளைகளை வெட்டி விட்டு, மாட்டின் வாய்க்கு எட்டாத இடத்தில் மீண்டும் துளிர்க்கச் செய்யும் முறையால் இது இவ்வளவு காலம் வாழ்ந்தது. அவ்வாறு தலை கொய்த மரம் நேராக நீண்டு வளராது, கப்பலுக்குப் பயன்படாது. ஆதலால் 1698ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையைத் தடை செய்தது. அரசுக்குப் பயன்படாமையால் இந்த மரம் பிழைத்தது. இப்போது அதனைச் சுற்றி வேலி கட்டிக் காக்கிறார்கள்.

ஓக் மரக் காட்டைக் கடந்து, ஓக்லி அடைப்புக் காட்டின் வழியாக, பிற்பகலில் பர்லி என்னும் ஊரை அடைந்தோம். இரவு தங்கிய வீட்டின் அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். அவருக்கு ஐந்து குதிரைகள். ஒன்றும் வீட்டில் இல்லை. எல்லாம் காட்டில் மேய்கின்றன. மேய்ச்சல் உரிமை ஆளுக்கு உரியது அன்று, வீட்டுக்கும் நிலத்துக்கும் உரியது என்றார் அவர். வீட்டை விற்றால் உரிமையும் வாங்கினவருக்குப் போய்விடும். காட்டில் காணும் குதிரைகள் காட்டுக் குதிரைகள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். ஒவ்வொன்றுக்கும் உடையவர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. கட்டணம் செலுத்தியதற்குச் சான்றாக வாலின் முடியை ஒரு வகையாகக் கத்தரித்து விடுகிறார்கள். கத்தரித்த அமைப்பைக் கொண்டு எந்த வட்டாரத்து மேற்பார்வையாளரின் பொறுப்பு அது என்று சொல்லிவிடலாம். அந்த மேற்பார்வையாளர்களுக்கு அஜிஸ்டர் என்று பெயர். இலையுதிர் காலத்தில் ஓக் காய்கள் உதிரும்போது பன்றிகளை அவிழ்த்துவிடும் உரிமையும் உண்டு. பச்சை ஓக் காய் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு, பன்றிக்கோ விருந்து. பன்றி தின்று தீர்த்தால் குதிரை பிழைக்கும். இத்தகைய ஏற்பாட்டை எந்த அலுவலகத்தில் உட்கார்ந்து யார் திட்டமிட்டிருக்க முடியும்?

இவற்றையெல்லாம் காக்க வெர்டரர் என்னும் பத்துப் பேர் கொண்ட மன்றம் இருக்கிறது. ஐவரை மேய்ச்சல் உரிமை உடையோர் தேர்ந்தெடுக்கிறார்கள், ஐவர் நியமனம். லிண்டர்ஸ்ட் நகரில் மன்றம் கூடும்போது பொதுமக்கள் எவரும் எழுந்து நின்று தம் முறையீட்டைச் சொல்லலாம். இம்மன்றம் அலங்காரச் சின்னமாகத் தேய்ந்து மறைய இருந்தது. 1851ஆம் ஆண்டுச் சட்டம் மான்களை அகற்றிவிட்டு, மேலும் பத்தாயிரம் ஏக்கரை வேலியிட்டு மரம் வளர்க்க அரசுக்கு இசைவு தந்தது. மேய்ச்சல்காரர் கதை முடிந்தது என்றே எல்லாரும் எண்ணினர். அவர்கள் கால் நூற்றாண்டுக் காலம் போராடினார்கள். 1877ஆம் ஆண்டுச் சட்டம் வேலியை நிறுத்தியது. மன்றத்தை மேய்ச்சல்காரர் பக்கம் திருப்பி அமைத்தது. அந்த அம்மையார் 1877 என்று சொன்ன குரலில், நம்மவர் 1947 என்று சொல்லும் குரல் இருந்தது.

இரவு வெகுநேரம் நாங்கள் பேசிக்கொண்டது எங்களுள் ஒருவர் பிறந்த ஊரின் மந்தைவெளியைப் பற்றி. ஊருக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது ஏக்கர். காலையில் ஊர் மாடெல்லாம் அங்கே கூடும். ஒரு கிழவர் எல்லாவற்றையும் ஓட்டிச் செல்வார். மாட்டுக்கு இவ்வளவு என்று அறுவடையில் நெல் அளப்பார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஏடும் இல்லை, மன்றமும் இல்லை. வழக்கம் ஒன்றே சான்று. அரசு ஏட்டில் அந்நிலத்தின் பெயர் புறம்போக்கு. வரிக்கணக்கின் புறத்தே போகும் நிலம் என்பதுதான் அச்சொல்லின் பொருள். அது நாளடைவில் யாருக்கும் உரியதன்று, எதற்கும் ஆகாதது என்று பொருள்பட்டு, இன்று மனிதரை ஏசும் சொல்லாகவே ஆகிவிட்டது. எல்லாருக்கும் உரியதை யாருக்கும் உரியதன்று என்று மாற்றிப் படித்த மொழி நம்முடையது என்று எங்களுள் ஒருவர் கசந்து சொன்னார், மற்றவர் மறுக்கவில்லை. மந்தைவெளியில் முதலில் சீமைக் கருவேலம் புகுந்தது. பிறகு செங்கற் சூளை. இப்போது வண்ணக் கற்கள் நட்ட மனைகள். மாடுகள் விற்கப்பட்டுவிட்டன. கிழவரின் மகன் திருப்பூரில் பனியன் ஆலைக்குச் சென்றான். அந்த அறுபது ஏக்கரைக் காக்க எழுந்து நின்று முறையிட ஓரிடம் இருந்திருந்தால், முறையிட்டிருப்போமா? எங்கள் இருவருக்குள் இதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

மறுநாள் காலைதான் ஹீத் என்னும் அந்த வெளியில் இறங்கினோம். மரம் இல்லை. உரமற்ற புளிப்பு மண்ணில் முழங்கால் உயரக் குறுஞ்செடி மட்டும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை. ஆகஸ்டு ஆதலால் செடியெல்லாம் பூ. ஹெதர்ப் பூவின் நிறத்தைக் கத்தரிப்பூ நிறம் என்று சொன்னால் பாதி உண்மை; நண்பகலில் அது புழுதி படிந்த கத்தரிப்பூ, மாலையில் கனிந்த நாவற்பழம். நடுநடுவே மஞ்சள் பூத்த கோர்ஸ் முட்புதர். தாழ்வான இடங்களில் நீர் கசியும் சதுப்பு; அங்கே பூச்சியைப் பிடித்துண்ணும் அழுகண்ணிச் செடி, நம் நாட்டு அழுகண்ணியின் இனத்தைச் சேர்ந்தது. தரையிலேயே கூடு கட்டும் பறவைகள் இவ்வெளியை நம்பி வாழ்கின்றன: பக்கி, வானம்பாடி வகைகள், நம் ஆட்காட்டியின் உறவான கொண்டை வைத்த ஆட்காட்டி. இங்கிலாந்தில் 1800ஆம் ஆண்டுக்குப் பின் இத்தகைய வெளிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்துவிட்டன. இங்கே பெருமளவில் எஞ்சியிருப்பதற்குக் காரணம் குதிரையின் வாய். மேய்ச்சல் நின்றால் சில ஆண்டுகளில் பைனும் பிர்ச்சும் முளைத்துக் காடாகிவிடும். குதிரையும் மாடும் கடிப்பதாலும், குளிர்காலத்தில் பகுதி பகுதியாக அளவோடு தீயிட்டுப் புதுத்துளிர் வரச் செய்வதாலுமே வெளி வெளியாக நிற்கிறது. காட்டைச் சார்ந்த இடம் என்று எம் பள்ளிப் பாடம் சொன்னது இதுதான் என்று அப்போது எங்களுக்குத் தோன்றியது.

இவ்வெளியில் மரம் வெட்ட வேண்டியதில்லை; ஆகவே சரளை மிகக் குறைவு. அப்படியானால் மிதிவண்டிக்காரன் இதனை எவ்வாறு காண்பது? பழைய இரயில்பாதையே துணை. சவுத்தாம்ப்டனையும் டார்செஸ்டரையும் இணைக்க 1847இல் திறந்த இப்பாதையை முன்நின்று அமைத்தவர் காஸில்மன் என்னும் வழக்கறிஞர். அது வளைந்து வளைந்து சென்றமையால், குப்பித் தக்கையைக் கழற்றும் திருகாணி என்று ஊரார் அதற்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள். 1964ஆம் ஆண்டில் பாதை மூடப்பட்டது, தண்டவாளம் போயிற்று, மேடு மட்டும் நின்றது. பர்லிக்கு அருகில் பர்பஷ் என்னும் இடத்திலிருந்து ஹோம்ஸ்லி வரை அம்மேட்டின் மேல் சரளை மேவியிருக்கிறது. இரு மருங்கும் ஹெதர் பூத்துக் கிடக்க, நடுவே உயர்ந்த மேட்டில் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், இரயிலுக்கென வகுத்த மென்மையான வளைவில் மிதித்துச் சென்ற அந்தச் சிறிது தொலைவுக்காகவே இன்னொரு முறை விமானம் ஏறலாம். வடக்கே ஸ்டோனி கிராஸில் 1942இல் போருக்காக அமைத்த விமானத் தளத்தின் ஓடுபாதைத் தடத்திலேயே இன்று சாலை செல்கிறது என்று பேரன் சொன்னான். காட்டுக்குள் செல்லும் வழியை மரம் வெட்டியவன் கொடுத்தான். வெளியில் செல்லும் வழியை இரயிலும் போரும் கொடுத்தன. மேய்ச்சல்காரன் மிதிவண்டிக்கென்று ஒரு முழம் பாதையும் போட்டதில்லை. அவன் கொடுத்தது பாதையின் இருபுறத்தையும்.

இனி, மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் எங்கள் எண்ணிட்ட பாதை ஒரு நெடுஞ்சாலையில் வந்து முட்டி நின்றது. அடுத்த எண் சாலையோரமாக ஒரு மைல் தாண்டி. குறுக்கே வெளியில் புல் தேய்ந்த ஒற்றையடித் தடம் ஒன்று, கம்பம் இல்லாமல், நேரே அந்த எண்ணை நோக்கிச் சென்றது.

"பாட்டி, இப்படியே குறுக்கே போனா அஞ்சு நிமிஷம். எல்லாரும் போறாங்க," என்றான் பேரன்.

உண்மைதான், தடத்தில் டயர் அச்சு தெரிந்தது. அந்த அச்சைத்தான் நாங்கள் உற்று நோக்கினோம். ஒருவர் போன சுவடு அன்று. ஒருவர் பின் ஒருவராகப் போனதில் செடி செத்து, மழைநீர் அதில் இறங்கிக் கால்வாய் வெட்டியிருந்தது. கூடு தரையில் இருக்கும் நாட்டில் டயர் அகலமே பெரிய அகலம். "வேண்டாம்," என்றோம். பேரன் முகம் சுருங்கியது. சாலை வழியே சென்றோம். பாரவண்டிகள் முழங்கையை உரசுவது போலக் கடந்தன. ஒரு வண்டியின் காற்றே எங்களுள் ஒருவரைச் சாலையோரப் புல்லில் தள்ளியது. அடி இல்லை, ஆனால் கை நடுக்கம் நிற்க நெடுநேரமாயிற்று. "இது நல்லதா, அது நல்லதா?" என்று பேரன் கேட்டான். எங்களால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

இரண்டும் நல்லதன்று என்பதே எம் கருத்து. வெளியில் இறங்கக் கூடாது என்ற விதி சரி. அதற்கு நாங்கள் முழு மனத்தோடு கட்டுப்படுகிறோம். ஆனால் விதியை வகுத்தவர்கள் இத்தகைய இடைவெளிகளில் சாலையை ஒட்டியாவது ஒரு சரளைக் கீற்றைப் போட்டு இணைத்திருக்க வேண்டும். இணைப்புக் கேட்டு மிதிவண்டிக்காரர் குரல் எழுப்புகிறார்கள். ஒன்று கொடுத்தால் பத்துக் கேட்பார்கள் என்று மேய்ச்சல்காரர் அஞ்சுகிறார்கள். பூசல் புதிதன்று. 2010களில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஓட்டிய மிதிவண்டித் திருவிழாக்களின்போது சாலையில் ஆணி தூவிய நிகழ்ச்சிகள் செய்தித்தாள்களில் வந்தன. இலண்டனில் உள்ளது போன்ற பொது வாடகை மிதிவண்டித் திட்டம் ஒன்று இங்கே வர இருந்து 2014ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பர்லி அம்மையாரிடம் முதல்நாள் இரவே இதைக் கேட்டிருந்தோம். மிதிவண்டியின் மேல் அவருக்கு வெறுப்பு இல்லை. அவர் குதிரைகளுள் ஒன்றைக் கொன்றது இரவில் விரைந்த கார்; இன்னொன்று தீனி கொடுத்துப் பழக்கியவர்களால் சாலையோரமே கதி என்று நிற்கிறது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலிருந்து குதிரைகளுக்குத் தீனி கொடுப்பதும் தொட்டுத் தடவுவதும் தண்டம் விதிக்கத்தக்க குற்றமாக்கப்பட்டிருந்தன. "வண்டியில் வருகிறவர் வண்டியில் போய்விடுகிறார், பாதையில் இருக்கும் வரை அவரால் எனக்குத் தொல்லை இல்லை," என்றார் அவர். பாதையில் இருக்கும் வரை என்பதை இரண்டு முறை சொன்னார்.

வில்வர்லி அடைப்புக் காட்டின் நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். மகள் கட்டிக்கொடுத்த புளியோதரை. கூடவே வறுத்த அப்பளம் சரளைக் குலுக்கலில் பொடியாகிப் போயிருந்தது. உண்டபின் பேரன் வரைபடத்தை விரித்து, விட்டுப்போன இணைப்புகளை எல்லாம் பென்சிலால் வட்டமிடத் தொடங்கினான். மன்றத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாமா, பதினாறு வயதானவனும் பேசலாமா என்று கேட்டான். எழுதிக் கேள் என்றோம். சாலை ஓரத்தில் நாங்கள் விழுந்த இடத்துக்கு மட்டும் இரட்டை வட்டம் போட்டான்.

புராக்கன்ஹர்ஸ்டுக்குத் திரும்பும் வழியில், பிற்பகல் நான்கு மணியளவில், பாதை நடுவே ஒரு தவிட்டு நிறப் பெட்டைக் குதிரை நின்றிருந்தது. அடிவயிற்றில் குட்டி. பாதையின் இருபுறமும் ஹெதர். சுற்றிச் செல்ல இடம் இருந்தது, அனுமதி இல்லை. மணி அடிக்கக் கை போன பேரன் தானே நிறுத்திக்கொண்டான். மூவரும் இறங்கி வண்டியைப் பிடித்தபடி நின்றோம். பெட்டை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது. வால் முடியில் கத்தரித்த படிகள் தெளிவாகத் தெரிந்தன. "கட்டணம் கட்டிட்டாங்க," என்றான் பேரன் மெல்லிய குரலில். கால் மணி நேரம் ஆயிற்று. குட்டி பால் குடித்து முடித்து, நான்கு கால்களையும் நான்கு திசையில் வைத்து ஒருமுறை குதித்து, தாயின் பின்னே செடிகளுக்குள் இறங்கிச் சென்றது.